மூச்சுரிமையும் மொழியுரிமையும்

நிலவுரிமை, நீருரிமை, மொழியுரிமை என்று தமிழர் தம் உரிமைகளை அடுக்கிச் சொல்லுங்கால், மூச்சுரிமை என ஒன்றும் உண்டென எண்ணிப் பார்ப்பார் அரியர். காவிரி நீர் மறுக்கப்பட்டவிடத்துக் கொதித்தெழும் தமிழகம், தன் மக்கள் இரவும் பகலும் உட்கொள்ளும் காற்று நஞ்சாகி வருவதை ஊழ் எனக் கருதி வாளாவிருக்கின்றது. நீர் கெட்டால் நிறம் காட்டும். சோறு கெட்டால் மணம் காட்டும். காற்றுக் கெடுவதோ பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாப் பகையை அறிவால் மட்டுமே காணவியலும். அவ்வறிவு தமிழனுக்கு எம்மொழியில் வந்து சேர்கின்றது என்பதே ஈண்டு எழும் வினா.

மேல்மலையனூரை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வினாவின் கடுமை விளங்கும். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட வானம்பார்த்த நிலம் அது. ஏரி நிரம்பினால் நெல். நிரம்பாவிடின் மல்லாட்டையும் கம்பும். அவையும் பொய்த்தால் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்டுதல் என்பது அவ்வட்டாரத்து உழவர் பலர்க்குப் பழகிப்போன வாழ்க்கை. ஊரில் ஏர் பிடித்தவன் நகரில் கொத்தனாராகின்றான். நாற்று நட்டவள் சித்தாளாகின்றாள். காருவா (அமாவாசை) இரவுதோறும் அங்காளம்மனின் ஊசல் விழாவுக்குச் சிறப்புப் பேருந்துகளில் வந்திறங்கும் பெருங்கூட்டத்தில் இவ்வாறு ஊர்விட்டுச் சென்றோரும் உளர். மாசித் திங்களின் சுடலைக்கொள்ளைக்கு (மயானக் கொள்ளை) எப்பாடுபட்டேனும் வந்துவிடுவர். ஆங்குச் சாம்பலை நெற்றியில் அணிந்து செல்லும் அம்மக்கள், நகருக்குத் திரும்பியபின் அதனை நெஞ்சுக்குள் அணிகின்றனர். நெற்றிச் சாம்பலைத் துடைத்துவிடலாம்; நுரையீரலில் படிந்த நிலக்கரிச் சாம்பலையும் கருங்கல் துகளையும் துடைப்பார் யாவர்?

மாந்தன் ஒருவன் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் லிட்டர் காற்றை உள்வாங்குகின்றான். செங்கல் சுமந்து மாடியேறும் சித்தாள், குளிரறையில் அமர்ந்திருக்கும் அலுவலரினும் பன்மடங்கு மூச்சிழுக்கின்றாள். ஆதலின் ஒரே தெருவில், ஒரே நாளில் இருவர் உட்கொள்ளும் நஞ்சின் அளவு ஒன்றன்று. இந்நஞ்சுள் கொடியது, 2.5 மைக்ரான் அளவினதும் அதனினும் சிறியதுமான நுண்துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே அதன் அளவு. பெருந்துகளை மூக்கு மயிரும் சளியும் தடுத்துவிடும், இதனைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைக்கோடி நுண்ணறை வரை இறங்கிக் குருதியிலும் கலக்கும் தன்மையது இது. எனவேதான் காற்று மாசினால் வருவது ஈளையும் இருமலும் மட்டுமே என்று எண்ணுதல் பிழை. மாரடைப்பும் மூளைக் குருதியடைப்பும் அதனால் மிகுகின்றன; கருவுற்ற பெண்டிர் எடை குறைந்த குழந்தையைப் பெறுகின்றனர். வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்குவதே என 2013ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வமைப்பு வரையறுத்துச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் வெளிக்காற்றின் மாசினால் உலகில் 42 இலக்கம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே மாண்டனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

இனி, இப்பகையை அளந்து கூறும் முறையைக் காண்க. 2015ஆம் ஆண்டில் தில்லியரசு காற்றுத் தரக் குறியெண் ஒன்றை நாடு முழுமைக்கும் அறிமுகம் செய்தது. சுழி முதல் ஐந்நூறு வரையிலான அவ்வெண்ணை ஆறு படிகளாய்ப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு பெயரும் சூட்டினர். ஐம்பது வரை நல்லது, நூறு வரை நிறைவானது, இருநூறு வரை இடைப்பட்டது, முந்நூறு வரை தாழ்ந்தது, நானூறு வரை மிகத் தாழ்ந்தது, அதற்குமேல் கடுமையானது. சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர், அரும்பாக்கம், இராயபுரம், பெருங்குடி முதலிய இடங்களில் அளவைநிலையங்கள் உள. கருவிகள் தம் கடமையைச் செய்கின்றன. சிக்கல் அக்கருவியினின்று மக்களின் செவி வரை உள்ள தொலைவில்தான் இருக்கின்றது.

முதலாவது, அவ்வெண்ணும் அதற்குரிய அறிவுரையும் மிகுதியும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. மணலியில் சாரங்கட்டி நிற்கும் மேல்மலையனூர்க் கொத்தனார்க்கு அதனால் என்ன பயன்? அவர் உழைக்கும் தெருவின் காற்றைத்தான் அக்கருவி அளக்கின்றது. அளந்த செய்தியோ அவர் அறியாத மொழியில் உலகெலாம் சுற்றுகின்றது. அவரிடம் மட்டும் வருவதில்லை. தமிழ் ஆட்சிமொழி என்று சட்டமியற்றியது 1956ஆம் ஆண்டில். வளி மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1981ஆம் ஆண்டில். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982ஆம் ஆண்டில். இத்தனை ஆண்டுகட்குப் பின்னும் சென்னைத் தெருவில் நிற்கும் தமிழன், தான் இழுக்கும் மூச்சின் தரத்தை ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் கேட்டறிய வேண்டியிருப்பது எத்துணை இழிவு!

இரண்டாவது, அப்பெயர்களிலேயே ஏமாற்று உளது. ‘நிறைவானது’ என்னும் படியில் நுண்துகளின் நாளளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வகுத்த நாளளவோ 15 மைக்ரோகிராம். நான்கு மடங்கு மாசுற்ற காற்றுக்கு ‘நிறைவு’ என்று பெயரிட்டு மக்களை உறங்கவைக்கின்றனர். அதற்கும் அடுத்த படியை, 90 மைக்ரோகிராம் வரை செல்லும் படியை, செய்தித்தாள்கள் ‘மிதமானது’ என வடசொல்லால் எழுதுவதுண்டு. மிதமான வெயில், மிதமான மழை என்றால் இன்பந்தருவது என்றன்றோ எளிய மக்கள் பொருள்கொள்வர்? ஈளை நோயர்க்கும் நெஞ்சாங்குலை நோயர்க்கும் சிறார்க்கும் முதியோர்க்கும் மூச்சுத்தொல்லை தரவல்லது என்று அவ்வரசே விளக்கம் எழுதிவைத்திருக்கும் படி அது! சொல்லைக் கெடுத்தால் பொருள் கெடும் என்று தனித்தமிழர் காலமெலாம் கூறிவந்ததை வெறும் மொழிவெறி என்று எள்ளியோர் இதற்கு விடைசொல்லட்டும். ஈண்டுக் கெடுவது பொருள் மட்டுமன்று, உயிரும் என்க. ‘இடர்தொடக்கம்’ என்றோ ‘நோயர் விலகுக’ என்றோ அப்படிக்கு நேரிய தமிழில் பெயரிட்டால், படிப்பறியாத் தாயும் தன் ஈளைப்பிள்ளையை அன்று தெருவுக்கு அனுப்பமாட்டாள்.

காற்றுக்குப் பெயரிடுதலில் தமிழன் எவர்க்கும் இளைத்தவன் அல்லன். தெற்கினின்று வருவது தென்றல், வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினது கொண்டல், மேற்கினது கோடை என வீசும் திசைக்கொரு பெயர் வைத்தவன் அவன். இந்நான்கு சொற்களும் புலவர் வழக்கு மட்டுமே என்று கருதற்க. சென்னையில் உயிர்காக்கும் கருவியாய் அவை பயன்படும். நகரின் வடபால் எண்ணூரும் மணலியும் வல்லூரும் அத்திப்பட்டும் உள. எண்ணெய்த் தூய்ப்பாலை, உரவாலை, அனல்மின் நிலையங்கள் எனப் புகைபோக்கிகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. ஐப்பசி தொடங்கி வீசும் வாடை அப்புகையை நகரின் மேல் தள்ளும். நண்பகலுக்குப் பின் கடலினின்று எழும் கொண்டல் அதனை மேற்கே உள்நாட்டுக் குடியிருப்புகளின் மேல் சாய்க்கும். வாடை என்னும் சொல்லுக்கு இன்று நாற்றம் என்பதே பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். வடசென்னையில் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன. காற்று வரும் திசையை ஒரு துணிக்கீற்றைக் கட்டியே அறியலாம். புகைபோக்கியின் பக்கமிருந்து வரும் வேளையில் அப்பக்கத்துப் பலகணியை அடைப்பதும், திசை மாறியபின் திறப்பதும் காசு செலவில்லாத காப்பு.

பொழுதும் அவ்வாறே. மார்கழி விடியற்காலைக் காற்று உடலுக்கு நன்று என்று ஒரு நம்பிக்கை பரவியுள்ளது. புகையற்ற சிற்றூர்க்கு அது பொருந்தலாம், மாநகர்க்குப் பொருந்தாது. பனிக்கால இரவில் நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, மேலுள்ள வெப்பக் காற்றின்கீழ் மூடியிட்ட பானைபோல் அடைபட்டுக் கிடக்கும். இரவெல்லாம் ஓடிய சரக்குந்துகளின் புகையும் குப்பைப் புகையும் அதற்குள்ளேயே தேங்கும். கதிரவன் ஏறி நிலம் சூடான பின்னரே அது மேலெழுந்து கலையும். ஆகவே தை வரையிலும் நகரத்துச் சாலையோரத்தில் விடிகாலை நடைபயில்வோர் நலத்தை நாடி நஞ்சை உண்கின்றனர். நடக்க வேண்டுவோர் வெயிலேறியபின் நடக்க. அல்லது கடலோரத்திலோ, பெருஞ்சாலையினின்று விலகிய பூங்காவிலோ நடக்க.

சாலையினின்று விலகுதல் என்பதை இன்னும் விரித்துரைத்தல் தகும். ஊர்திப் புகையின் செறிவு சாலையின் நடுவில் உச்சமாயிருந்து, நூறு நூற்றைம்பது மீட்டர் விலகுவதற்குள் பெரிதும் குறைந்துவிடும். அண்ணாசாலையில் நடப்பதற்கும் அதற்கு இணையாய்ச் செல்லும் உட்தெருவில் நடப்பதற்கும் உள்ள வேற்றுமை ஐந்து மணித்துளிக் காலமாயிருக்கலாம். உட்கொள்ளும் புகையிலோ அது பெரிது. பள்ளிப் பிள்ளைகளை உட்தெரு வழியே அழைத்துச் செல்க. நிறுத்தத்தில் பேருந்தின் பின்புறம் நில்லாது முன்புறமாய் நிற்க. கைவிளக்கு மாறும்வரை நிற்கும் ஈருருளியர் சரக்குந்தின் புகைக்குழாய்க்குப் பின் ஒடுங்கி நிற்பதைத் தவிர்க்க. தானியும் பேருந்தும் நிற்கும் போதெல்லாம் பொறியை அணைத்தல், கன்னெய்ச் செலவையும் குறைக்கும், பின்னால் நிற்பவன் நோயையும் குறைக்கும்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தப்பித்தோம் என்பாரும் உளர். கதவடைத்த சிற்றறையில் கொசுச்சுருள் கொளுத்தி உறங்கும் வழக்கத்தை அவர்கள் எண்ணிப்பார்க்கட்டும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளியிடுவதற்கு ஒப்பானது என 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. புகைபிடியாத தந்தை, தன் மகவை இரவு முழுதும் புகைக்கவைக்கின்றான்! கொசுவலை பழமையானது, மலிவானது, புகையற்றது. ஊதுவத்தியும் சூடமும் சாம்பிராணியும் காற்றோட்டமற்ற அறைக்கு ஆகா. துடைப்பத்தால் பெருக்கித் துகளை எழுப்புவதினும் ஈரத்துணியால் துடைப்பது நன்று. ஊர்ப்புறத்தும் இத்தகைய ஒரு கேடு உண்டு, மறைத்தல் நேர்மையாகாது. மேல்மலையனூர்ப் பக்கத்துக் குடிசையில் சாளரமற்ற அடுக்களையில் விறகும் முட்புதரும் எரிப்பவள், நகரத்துச் சாலையில் நிற்பவளினும் மிகுதியான புகையை உண்ணக்கூடும். எரிவளி அடுப்பு வீட்டில் இருந்தும் உருளையின் விலைக்கு அஞ்சி விறகுக்கே திரும்புவோர்க்கு, அடுப்பை முற்றத்துக்கு மாற்றுவதும் கூரையில் புகைவழி திறப்பதும் உடனடி உதவியாகும்.

முகவுறை பற்றி மக்களிடையே பெருங்குழப்பம் உளது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு கல்லறுக்கும் தொழிலாளி தனக்குக் காப்புண்டு என நம்புகின்றான். துணி பெருமணலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. என்-95 எனப்படும் உறை மிக நுண்ணிய துகளிலும் 95 விழுக்காட்டைத் தடுக்கவல்லது. ஆயின் அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் அப்பயன். தாடியின்மேல் அணிந்தாலும், மூக்குக்கீழ் இறக்கிவிட்டாலும், காற்று இடுக்கு வழியே புகும். அழுக்கேறி மூச்சுத் திணறவைக்கும் உறையைக் கழித்துப் புதிது கொள்ளவேண்டும். செலவு யாருடையது? கட்டடக்காரன் பல கோடிக்கு வீடு விற்கின்றான். சித்தாளுக்கு ஓர் உறை வாங்கித்தர அவனுக்கு முடியாதாம்! கருங்கல்லையும் மணற்கல்லையும் உலரவைத்து அறுக்குங்கால் எழும் மணிக்கல் துகள் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அந்நோய்க்கு மீட்பில்லை. நீர் தெளித்து அறுத்தால் அத்துகள் பெரிதும் அடங்கும். காற்று மாசு வரம்பு மீறிய நகரங்களில் கட்டடவேலை நடக்குமிடத்துக் கல்லையும் பிறவற்றையும் திறந்தவெளியில் அறுத்தலாகாது, மணலை மூடிவைக்க வேண்டும், துகளடக்கும் வழிகளைப் பலரும் காணும்படி எழுதிவைக்க வேண்டும் என 2018ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகளே கூறுகின்றன. அப்பலகையைத் தமிழில் எழுதுக என்று கேட்பதற்கு எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு.

மொழியின்மை எத்தகைய இடர் என்பதற்கு எண்ணூர் சான்று. 2023ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தருகே உரவாலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. உறக்கத்தினின்று கண்ணெரிந்து மூச்சுத்திணறி எழுந்த மீனவ மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய கசிவின்போது காற்றடிக்கும் திசையிலேயே ஓடினால் நஞ்சு கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக ஓடி விலகவேண்டும். அம்மோனியா நீரில் கரைவது. ஆதலின் நனைந்த துணியை மூக்கில் பொத்திக்கொள்வது அதற்கு ஓரளவு உதவும். இவ்விரண்டு தொடரை அறிய எவரும் கல்லூரி செல்லவேண்டியதில்லை. ஆலையை ஒட்டிய ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் எழுதிய பலகையும், ஆண்டுக்கு இருமுறை ஓடிப்பழகும் பயிற்சியும், ஒலிக்கும் எச்சரிக்கைக் குழலும் இருந்தால் போதும். அவற்றின் செலவு ஆலை முதலாளிக்கு ஒரு நாள் ஆதாயத்திலும் சிறுபகுதியே.

தன்னைத்தான் காத்துக்கொள்ளல் இன்றியமையாதது. எனினும் அதுவே போதும் என ஆள்வோர் கூறுவாராயின் அது சூழ்ச்சி. வெள்ளத்தைத் திறந்துவிட்டவன் கரையில் நிற்பவனிடம் நீச்சல் பழகு என்பது போன்றது அது. அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தக் கருவி பொருத்தவேண்டும் என்று 2015ஆம் ஆண்டு திசம்பரில் தில்லி ஆணையிட்டது. ஈராண்டுக் கெடு விதித்தது. பின்னர்க் கெடுவை நீட்டிற்று, மீண்டும் நீட்டிற்று. கடைசியாக 2025ஆம் ஆண்டு சூலையில், நாட்டின் நிலையங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அக்கருவியே வேண்டா என்று விலக்களித்துவிட்டது. தமிழகத்துக் கடற்கரையில் எரியும் கரிக்கும் வரம்பைத் தில்லி வகுக்கின்றது. புகை மட்டும் தமிழகத்துக்கு! தூத்துக்குடியில் ஆலைப்புகையை எதிர்த்து நின்ற மக்களுள் 13 பேர் 2018ஆம் ஆண்டு மே திங்களில் காவலர் சுட்டு மாண்டது எவ்வாட்சியின் காலத்தில் என்பதைத் தமிழர் மறந்திலர். ஆதலின் குற்றம் தில்லியுடையது மட்டும் என்று சென்னைக் கோட்டை கைகழுவவியலாது. கொடுங்கையூர்க் குப்பைமேடு ஆண்டுதோறும் பற்றியெரிவதும், பெருங்குடிக் குப்பைமேடு 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் நாட்கணக்காய்ப் புகைந்ததும் மாநகராட்சியின் காவலில்தான். கொடுங்கையூரில் குப்பை எரியுலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் 2025ஆம் ஆண்டில் கைகோத்துத் தெருவில் நின்றனர். தம் மூச்சுக்காக நின்ற அவர்களைப் பாராட்டாமலிருக்க இயலாது.

மக்களும் தம் பங்கை உணரவேண்டும். பொங்கலுக்கு முந்திய நாள், பழையன கழிக்கும் நாள். பழம் பாயும் கூரைக் கீற்றும் எரித்த காலம் வேறு; நெகிழியும் தேய்ந்த வண்டியுருளைப் பட்டையும் (டயர்) எரிக்கும் இக்காலம் வேறு. 2018ஆம் ஆண்டு சனவரி 13 விடியலில் சென்னையின் வானூர்தி நிலையத்தைப் பனியோடு கலந்த அப்புகை மூடிற்று. வானூர்திகள் இறங்கவியலாமல் வேற்றூர்களுக்குத் திரும்பின. வானூர்தியில் வந்தோர் பெங்களூரில் இறங்கிக் காத்திருந்தனர். சேரியில் உறங்கிய ஈளைக் குழந்தை எங்கே இறங்கும்? தமிழர் திருநாளின் தலைவாயிலில் நஞ்சை மூட்டுவது தமிழ்ப் பண்பன்று. தீபாவளி வெடியைப் பற்றித் தனித்தமிழ் அன்பர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

செய்யவேண்டுவன உடனே செய்யத்தக்கவை. அளவைநிலையம் ஒவ்வொன்றின் வாயிலிலும், பேருந்து நிலையங்களிலும், அரசு மருத்துவமனைகளிலும் அன்றன்றைய காற்றின் நிலை தமிழெண்ணோடும் நேரிய தமிழ்ச்சொல்லோடும் ஒளிப்பலகையில் வரவேண்டும். வானொலியில் வானிலை கூறுங்கால் காற்றுநிலையும் தமிழில் கூறப்படவேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்த ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் ஆய்வும், வேலையிடத்தில் தகுதியான முகவுறையும் வாரியத்தின் செலவிலோ கட்டடக்காரன் செலவிலோ கிடைக்க வேண்டும். வாரியத்தில் பதியாதோரை ஊர்தோறும் சென்று பதிவிப்பதை இயக்கத் தோழர்கள் மேற்கொள்ளலாம். அதற்கு மேல்மலையனூரினும் ஏற்ற இடம் வேறில்லை. காருவா இரவில் ஊர்விட்டுச் சென்றோரும் ஒரே திடலில் கூடுகின்றனர். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒலிபெருக்கியில், துண்டுக்கும் முகவுறைக்கும் உள்ள வேற்றுமை, கல்லறுக்குமிடத்து நீர் தெளிக்கக் கேட்கும் உரிமை, வாரியத்தில் பதியும் முறை ஆகிய மூன்றையும் சொல்ல ஐந்து மணித்துளி போதும். வரும் மாசித் திருவிழாவுக்குள் அதற்கான துண்டறிக்கையைச் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டத்துத் தோழர்கள் அச்சிட்டு அணியமாக்குக.